உளையும் முழங்காலை அசைக்கலாமா?

முழங்கால் உளைகிறது என்று அறுபதைத் தாண்டிய ஒரு பெண் கிழக்கிலங்கையின் வாழைச்சேனையில் வாய்திறந்து சொன்னால், மருந்துக்கு முன்னே அறிவுரை வந்துவிடும். "கனக்க நடக்காதீங்க உம்மா", "காலை நீட்டிக்கொண்டு இருங்கம்மா." மகள் சொல்கிறாள், பக்கத்து வளவுக்காரி சொல்கிறாள், சிலவேளை மருந்துக்கடையில் நிற்கும் பையனும் சொல்கிறான். சொல்பவர்களின் பரிவில் குறையில்லை. ஆனால் மூட்டுத் தேய்வு பற்றி நடந்த ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: சும்மா வைத்திருக்கும் முழங்கால் மோசமாகிறது, அளவோடு அசையும் முழங்கால் தேறுகிறது. அந்த அசைவை எப்படிக் கொடுப்பது என்று தேடியவர்களுக்குச் சீனத்தின் மெதுவான அசைவுப் பயிற்சியான தாய் சி ஒரு விடையாகக் கிடைத்தது. வயதான பெண்களையே சேர்த்து அதைச் சோதித்தும் பார்த்தார்கள். அந்தச் சோதனைகளை ஆற அமர வாசித்தால் அதில் மாயம் ஏதும் இல்லை என்பது தெரியும். பலன் அசைவின் வடிவத்தில் இருப்பதைவிட, அதை விடாமல் செய்யவைக்கும் ஏற்பாட்டில்தான் அதிகம் இருக்கிறது என்பதும் தெரியும். அந்த ஏற்பாடு வாழைச்சேனையில் முடியாத காரியம் அல்ல என்பதே என் வாதம்.

செருப்பின் அடி தேய்வதுபோல நடக்க நடக்க முழங்காலும் தேய்ந்துபோகிறது என்பது பொதுவான எண்ணம். செருப்புக்கு உயிரில்லை, ஆனால் தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் மூடியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ளது. அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் வழுவழுப்பான நீர்தான் அதற்கு ஊட்டம், அந்த நீர் உள்ளே போய்வருவது பாரம் ஏறி இறங்கும்போதுதான். நோவுக்குப் பயந்து நடையைக் குறைத்தால் அந்த ஊட்டம் குறைகிறது. தொடையின் முன்பக்கத் தசை வாடுகிறது. தசை தாங்கவேண்டிய அதிர்ச்சியை மூட்டே தாங்குகிறது, உடம்பும் கூடுகிறது, நோவு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலில் அகப்பட்டவர்கள் கொஞ்ச நஞ்சப் பேரல்ல. 2020இல் உலகம் முழுவதும் 595 மில்லியன் பேருக்கு மூட்டுத் தேய்வு இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள், அவர்களில் பத்தில் ஆறு பேர் பெண்கள். இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே 100 பேரில் 12 பேர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள், அந்தப் பங்கு அதன்பின் ஏறித்தான் வந்திருக்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். எக்ஸ்ரே படமும் நோவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படத்தில் மூட்டு மிகவும் கெட்டிருக்கும், ஆள் கடைதெருவுக்கு நடந்து போய்வருவார். படத்தில் சின்ன மாற்றம்தான் இருக்கும், ஆள் கட்டிலைவிட்டு எழும்ப அழுவார். இந்த இடைவெளியில்தான் உடற்பயிற்சி வேலை செய்கிறது. குருத்தெலும்பைப் பழையபடி வளர்த்துவிடும் என்று எந்தப் பயிற்சிக்கும் உறுதி சொல்ல முடியாது. நோவையும் இயலாமையையும் குறைக்க முடியும்.

தென் கொரியத் தாதியியல் ஆய்வாளர் ரையூன் சோங்கும் கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, வயதான பெண்களின் மூட்டுத் தேய்வையும் தாய் சியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று. 72 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் 12 வாரம் தாய் சி செய்தார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு நோவும் விறைப்பும் குறைந்தன, அன்றாட வேலைகள் இலகுவாகின. ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலை கூடியது, வயிற்றுத் தசை பலப்பட்டது. ஆனால் முழங்கால் தசையின் பலத்தில் இரு பகுதியினருக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. தசை பலக்கவில்லை, நோவு மட்டும் குறைந்தது என்றால் அதை எப்படி விளங்கிக்கொள்வது? உடம்பு ஒருங்காக அசையப் பழகியதும், விழுந்துவிடுவோமோ என்ற பயம் தளர்ந்ததும் காரணமாக இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். இதே குழுவினர் பின்னர் 82 பெண்களை வைத்து ஆறு மாதம் நீண்ட இன்னோர் ஆய்வு செய்தபோது முழங்காலை நீட்டும் தசையின் தாங்குதிறனும் கூடியிருந்தது, விழும் பயமும் குறைந்திருந்தது. தசைக்கு 12 வாரம் போதாது, மனம் அதற்கு முன்பே தெளிந்துவிடுகிறது போலும்.

கொரிய ஆய்வில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியல்ல. தொடங்கிய 72 பேரில் கடைசிவரை நின்றவர்கள் 43 பேர்தான். பத்தில் நான்கு பேர் இடையில் நின்றுவிட்டார்கள். நோவு குறையாதவர்கள்தான் நின்றுபோனார்கள் என்றால், எஞ்சியவர்களின் கணக்கு இயல்பாகவே நல்லதாகத் தெரியும். இன்னொன்று, சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் எதுவும் நன்றாகத்தான் தெரியும்: வாரந்தோறும் நாலு பேரோடு கூடுவதும், ஒருவர் நம்மைக் கவனிக்கிறார் என்பதுமே பாதி மருந்து. இந்த ஐயத்துக்குப் பதில் பொஸ்டன் நகரிலிருந்து வந்தது. டஃப்ட்ஸ் மருத்துவ நிலையத்தில் சென்சென் வாங் தலைமையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், 40 பேரில் ஒரு பாதிக்குத் தாய் சி, மறுபாதிக்கு அதே அளவு நேரம் கூடியிருந்து உடல்நலப் பாடமும் தசை நீட்டலும். கூடியிருந்தது இரு பக்கமும் ஒன்றுதான், தாய் சி செய்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். 2016இல் வெளியிட்ட ஆய்வில் அதே குழு இன்னும் கடினமான போட்டியாளரைக் கொண்டுவந்து நிறுத்தியது. 204 பேர், ஒரு பகுதிக்கு வாரம் இரண்டு முறை 12 வாரம் தாய் சி, மறுபகுதிக்குத் தேர்ந்த இயன்மருத்துவர்களின் சிகிச்சை. 0 முதல் 500 வரையான நோவு அளவுகோலில் தாய் சி செய்தவர்களுக்கு 167 புள்ளியும் இயன்மருத்துவம் பெற்றவர்களுக்கு 143 புள்ளியும் குறைந்தன. புள்ளிவிவரக் கணக்கில் இது சமநிலை. பலன் ஓராண்டு வரை நின்றது, மனச்சோர்வு குறைந்ததில் தாய் சி ஒரு படி மேலே இருந்தது. தாய் சி இயன்மருத்துவத்தை வென்றது என்று இதை வைத்து எழுதுபவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் ஒருவர் தனித்தனியே தரும் சிகிச்சைக்கு, ஒரே ஆள் பலரை ஒன்றாக நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஈடாக நிற்கிறது என்பதே அதன் பொருள். இயன்மருத்துவரைக் காண வரிசையில் நிற்கும் ஊர்களுக்கு இது சின்ன செய்தியல்ல.

தாய் சி என்றவுடன் திரைப்படத்துக் குங்ஃபூ ஞாபகம் வருபவர்களுக்கு அசைவைக் கொஞ்சம் கிட்ட நின்று காட்டவேண்டும். ஆய்வுகளில் யாங் பாணியும் சுன் பாணியும் பயன்பட்டிருக்கின்றன. கொரியப் பெண்கள் கற்றது சுன் பாணி. சிட்னியில் குடும்ப வைத்தியராக இருந்த போல் லாம் மூட்டுவாதக்காரருக்கென்று 1997இல் அமைத்த பயிற்சியும் அதையே அடிப்படையாகக் கொண்டது. சுன் பாணியில் ஆள் ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்கிறார். முழங்கால் சற்றே மடிந்திருக்கும், தாழக் குந்துவது இல்லை. உடம்பின் பாரம் முழுவதும் இடக்காலில் இருக்க, வலக்குதிக்கால் சத்தமில்லாமல் முன்னே படும். பிறகு பாரம் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் போகும். குதி, நடுப்பாதம், விரல் என்று பாதம் தரையில் விரியும். முழங்கால் விரல் நுனியைத் தாண்டிப் போகாது. பாரம் முழுவதும் வந்து சேர்ந்ததும் பின்னால் இருந்த இடக்கால் ஒரு சின்ன எட்டு வைத்து முன்காலின் அருகே வந்துவிடும். கைகள் நெஞ்சுக்கு நேரே மெதுவாக அகன்று குவியும். அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும் இந்த ஒரு எட்டு, செய்பவரின் தொடைத் தசையைப் பல விநாடி விடாமல் வேலை வாங்குகிறது. நாம் சாதாரணமாக நடக்கும்போது ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு விழுந்துதான் நடக்கிறோம். இங்கே அந்த விழுகை இல்லை, அதனால் நோகும் மூட்டில் குத்து இல்லை.

இனி எதிர்க்கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது. தாய் சி அவ்வளவு நல்லதென்றால் சீனப் பெண்களின் முழங்கால் உலகிலேயே நன்றாக இருக்கவேண்டுமே, இருக்கிறதா? இல்லை. பெய்ஜிங்கில் அறுபது வயதைத் தாண்டிய பெண்களையும், அமெரிக்காவில் நீண்டகால மருத்துவ ஆய்வுக்குப் பேர்போன பிரேமிங்ஹாம் நகரத்துப் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2001இல் வெளிவந்தது. பெய்ஜிங் பெண்களிடையே முழங்கால் தேய்வு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம், அவர்கள் அமெரிக்கப் பெண்களைவிட மெலிந்தவர்களாக இருந்தும் அப்படி. தாய் சிக்கு எதிரான சாட்சிபோல் தோன்றும் இது உண்மையில் வேறொன்றைச் சொல்கிறது. அதே ஆய்வாளர்கள் தொடர்ந்து தேடியபோது, இளம் வயதில் நாளுக்குப் பல மணிநேரம் குந்தியிருந்தவர்களுக்கே பிற்காலத்தில் முழங்கால் தேய்வு அதிகம் வந்திருந்தது. நாற்பது ஆண்டுக்கு முன் தொடங்கிய சேதத்தை, பின்னேரத்தில் பூங்காவில் செய்யும் அரைமணிப் பயிற்சி அழித்துவிடாது. பயிற்சி செய்யும் பெண்கள் எல்லாப் பெண்களும் அல்லர் என்பதும் உண்டு. இந்த முடிவு பெய்ஜிங்கைவிட நமக்குத்தான் அதிகம் உறைக்கவேண்டும். குசினியில் திருவலையில் குந்தித் தேங்காய் துருவியதும், வாடியில் குந்தி மீன் கீறியதும், வயலில் குந்திக் களை பிடுங்கியதும், ஒருக்களித்து இருந்து பன்பாய் இழைத்ததும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குந்து மலசலகூடமும் சேர்ந்தே இந்தப் பகுதிப் பெண்களின் முழங்காலை ஆக்கியிருக்கின்றன. தாய் சி வகுப்புக்கு முன் கொமட் ஒன்றும் குசினியில் உயரமான மேசை ஒன்றும் வைத்துக்கொடுப்பது நல்லது என்று யாராவது சொன்னால் அவரோடு நான் வாதாடமாட்டேன்.

இதிலிருந்தே அடுத்த ஆட்சேபத்துக்கும் விடை வருகிறது. "நாள் முழுக்க வீட்டு வேலை செய்யிற மனுசிக்கு இன்னும் என்ன எக்சர்சைஸ்?" என்று ஆண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். வீட்டு வேலையில் முழங்காலுக்கு ஏறும் பாரத்தைத் தீர்மானிப்பது அந்தப் பெண் அல்ல, வேலை. குடம் நிறைந்தால் நிறைந்ததுதான், மீன் வந்து இறங்கினால் நோவென்று சொல்லி நாளைக்குத் தள்ள முடியாது. பயிற்சியில் மடிக்கும் அளவும் நிற்கும் நேரமும் செய்பவரின் கையில். இன்று கால் கடுத்தால் இன்னும் நிமிர்ந்து நிற்கலாம், முடியாவிட்டால் கதிரையில் இருந்தபடி கையையும் பாதத்தையும் அசைக்கலாம். வாரம் வாரம் கொஞ்சம் கூட்டலாம். கூட்டியும் குறைத்தும் தரும் பாரத்துக்குத்தான் உடம்பு பழகிப் பலக்கிறது.

நமக்கு யோகா இருக்கிறதே, சீனத்துக்கு ஏன் போகவேண்டும் என்பவர்களும் உண்டு. யோகாவுக்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை, முழங்கால் தேய்வில் அதற்கும் நல்ல சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2019ஆம் ஆண்டின் வழிகாட்டலில் தாய் சியை வலுவாகவும் யோகாவை நிபந்தனையோடும் பரிந்துரைத்தது. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. யோகாவில் பலதும் பாயில் இருந்தும் படுத்தும் செய்பவை, தரையிலிருந்து எழும்புவதே வருத்தமாக இருப்பவரிடம் தரையில் இருக்கச் சொல்வது எப்படி? தாய் சி பெரும்பாலும் நின்றபடி. சீலையோடு செய்யலாம், அபாயாவோடும் செய்யலாம். மந்திரம் இல்லை, வணக்கம் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பகுதியில் பெண்களுக்குப் பெண்ணே கற்றுக்கொடுத்தால் இரு பக்கத்து வீடுகளிலும் ஆட்சேபம் எழ இடமில்லை. தொழுகையில் முழங்கால் மடிக்க இயலாமல் கதிரைக்கு மாறிய மூத்த பெண்களுக்கு நோவு குறைவது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அவர்கள் வீட்டார் அறிவார்கள். நம் ஊர் வடமோடிக் கூத்தின் ஆட்டத்தையே பயிற்சியாக்கலாமே என்று மண்பற்றோடு கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் துள்ளலை இந்த முழங்கால்கள் தாங்கா.

உள்ளூரில் தாய் சிக்குப் போட்டி உண்டென்றால் அது பாசிக்குடாக் கடல்தான். அவுஸ்திரேலியாவின் சிட்னியில் 2007இல் வெளியான ஆய்வொன்று, இடுப்பு அல்லது முழங்கால் தேய்வுள்ள 152 முதியவர்களை மூன்றாகப் பிரித்தது: ஒரு பகுதிக்குத் தாய் சி, ஒரு பகுதிக்கு வெந்நீர்த் தடாகத்தில் பயிற்சி, மற்றவர்கள் காத்திருந்தார்கள். அன்றாட இயக்கத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு உதவின. நோவைக் குறைத்ததில் தண்ணீர் சற்று முந்தியது, தாய் சியின் பங்கு தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லுமளவுக்குச் சிறிது. எனக்கு முக்கியமாகப் படுவது வரவுக் கணக்கு: வகுப்புகளில் பாதிக்காவது வந்தவர்கள் தண்ணீரில் 81 வீதம், தாய் சியில் 61 வீதம். வாழைச்சேனையிலிருந்து சில கிலோமீற்றரில் இருக்கும் பாசிக்குடாவில், கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவு இளஞ்சூட்டு நீரில் நடந்துபோகலாம். சிட்னியில் காசு கொடுத்துக் கட்டிய தடாகத்தை இங்கே கடல் சும்மா வைத்திருக்கிறது. ஆனால் உடுப்பு நனைந்து கரையேறும் கூச்சமும், வாரம் இரண்டு முறை ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசும் எத்தனை மூத்த பெண்களை அங்கே போகவிடும்?

பலன் எவ்வளவு என்பதிலும் அளவாகவே பேசவேண்டும். 2024 கடைசியில் வந்த கொக்ரேன் மீளாய்வு, முழங்கால் தேய்வுக்கு உடற்பயிற்சி பற்றிய 139 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, குறுகிய காலத்தில் நோவு 100இல் 10 புள்ளிக்கு அக்கம்பக்கமாகக் குறைகிறது என்றும், நோயாளிக்கு அது பெரிய மாற்றமாகப் படுமா என்பது நிச்சயமில்லை என்றும் சொன்னது. இது எல்லாவகைப் பயிற்சிக்கும் பொருந்தும், தாய் சிக்கு விலக்கு இல்லை. அப்படியென்றால் எதற்கு இந்தப் பாடு? மாற்று என்னவென்று பார்க்கவேண்டும். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிவைக்கும் குளுக்கோசமின் போத்தல்களை அதே 2019 வழிகாட்டல் வேண்டாம் என்று வலுவாகவே சொல்லிவிட்டது. வலி மாத்திரைகள் அந்த நேரத்துக்குக் கேட்கும், ஆனால் சீனியும் பிரஷரும் உள்ள ஒருவர் மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் தேடிவரும். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுப்பது இதமானது, தாராளமாகச் செய்யலாம்; தசையை அது வளர்க்காது. மூட்டு முற்றாகக் கெட்டு இரவும் நித்திரை இல்லாதவருக்குச் சத்திரசிகிச்சைதான் வழி. முழங்கால் திடீரென்று வீங்கிச் சிவந்து சுட்டால், காய்ச்சலும் சேர்ந்தால், மடித்த கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் அது பயிற்சிக்குரிய நேரமல்ல, ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இவற்றுக்கு நடுவே இருக்கும் பெரும்பான்மையினருக்கு, செலவும் பக்கவிளைவும் குறைந்த பத்துப் புள்ளி மோசமான பேரம் அல்ல. நல்ல சமநிலையால் ஒரு விழுகை தப்பினால், உடையாமல் மிஞ்சிய இடுப்பு எலும்பை அந்தப் பத்துப் புள்ளிக்குள் யாரும் எண்ணுவதில்லை.

யார் சொல்லிக்கொடுப்பது? போல் லாமின் திட்டம் பயிற்றுநர்களை இரண்டு நாள் பயிலரங்கில் தயார்படுத்துகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை, தாதி, இயன்மருத்துவ உதவியாளர் என்று யாரும் கற்கக்கூடியதுதான். முதியோர் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இருக்கவே இருக்கின்றன. மாதாந்தக் கிளினிக்குக்கு விடியவே வந்து கொப்பியோடு வாங்கிலில் காத்திருக்கும் நேரத்தில் முதல் நாலு அசைவைக் கற்றுக்கொடுத்துவிடலாம். கடினம் தொடக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் 41 முதியவர்களை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு வாரம் கூட்டாகவும் ஆறு வாரம் வீட்டில் வீடியோ பார்த்தும் செய்தவர்களுக்கு நோவு குறைந்தது; பிறகு ஆறு வாரம் நிறுத்தச் சொன்னபோது கிடைத்ததெல்லாம் போய்விட்டது. பொஸ்டனில் பலன் ஓராண்டு நின்றதற்கு, வீட்டிலும் தொடரும்படி அவர்களை ஊக்கப்படுத்தியதும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். நம் ஊர் நாட்காட்டியில் ஆறு வாரம் தானாகவே நின்றுபோகும் காலங்கள் பல: அறுவடை, நோன்பு மாதம், கோயில் திருவிழா, எல்லாவற்றிலும் பெரிதாகக் கார்த்திகை தொடங்கித் தை வரை வெளியே கால் வைக்கவிடாத மாரி. அதனால் எந்தப் பாணித் தாய் சி நல்லது என்று விவாதிக்குமுன், கூரையுள்ள மண்டபம் ஒன்றின் திறப்பு யாரிடம் இருக்கிறது, நோன்பு காலத்தில் வகுப்பை எத்தனை மணிக்கு மாற்றுவது என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும்.